புலனும் பழியும்

ஆங்கிலத்தில் 'ஸென்ஷுவாலிட்டி' என்று வழங்கும் சொல்லைத் தமிழில் பெயர்க்க நேரும்போதெல்லாம் நம்மவர், சிற்றின்ப வேட்கை என்றோ, விஷய சுகம் என்றோ, சற்றும் தயங்காமல் காமம் என்றோ எழுதிவிட்டு மேலே செல்கிறார்கள். இன்றைய ஆங்கிலேயன் அச்சொல்லை ஆளும் முறையை மட்டும் நோக்கினால் அவர்கள் செய்வது தவறும் அன்று. ஆயினும் ஏறத்தாழ 1,800 ஆண்டு வயதுடைய ஒரு சொல்லை, அதன் முதுமைக்கால வழக்கை மட்டும் கொண்டு அளந்துவிடுவது நியாயமாகாது. பிறந்தபொழுது அது ஒரு குற்றத்தின் பெயராக இருக்கவில்லை. உயிருக்கு இயல்பாய் அமைந்த ஒரு சக்தியின் பெயராகவே இருந்தது. சக்தியின் பெயர் குற்றத்தின் பெயராக மாறிய வரலாறு, மேலைநாட்டுச் சமயம் மனிதனுடைய கண்ணையும் செவியையும் நாவையும் எவ்வாறு மதித்தது, எவ்விடத்தில் மதிக்கத் தவறியது என்பதன் வரலாறே ஆகும். அந்தத் தவறுதலால் சமயத்துக்கே நேர்ந்த நஷ்டம் பெரிது என்பது என் துணிபு.

லத்தீன் மொழியில் 'ஸென்டீரே' என்றால் உணர்தல். அவ்வினையினின்று பிறந்த 'ஸென்ஸுஸ்' என்ற பெயர் புலனையும் குறிக்கும், உணர்ச்சியையும் குறிக்கும், ஒரு சொற்றொடரின் பொருளையும் குறிக்கும். ஒருவன் ஆராய்ந்து கொள்ளும் அபிப்பிராயம் 'ஸென்டென்ஷியா' எனப்பட்டதும் அதே வேரிலிருந்துதான். தொடுதலும் கருதுதலும் இவ்வாறு ஒரே குடும்பத்துச் சொற்களாக நின்ற அம்மொழியில், புலனுக்குரியது என்ற பொருளில் 'ஸென்ஸுவாலிஸ்' என்ற அடைமொழியும், புலனால் உணரும் தன்மை என்ற பொருளில் 'ஸென்ஸுவாலிதாஸ்' என்ற பண்புப்பெயரும் பிற்காலத்தில் உண்டாயின.

அப்பண்புப்பெயரைப் பழமையாகக் காணும் இடங்களுள் ஒன்று, 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் ஆன்மாவைப் பற்றி எழுதிய நூல். தெர்த்துல்லியன் இளகிய மனத்தவர் அல்லர். நாடக அரங்கையும் தேர்ப் பந்தயத்தையும் கிறிஸ்தவன் எட்டியும் பார்க்கலாகாது என்று தனி நூலே எழுதிய கடுமையாளர். அத்தகையவர் அந்நூலில் ஐம்புலன்களின் பக்கம் நின்று வழக்காடுகிறார் என்பதுதான் வியப்பு. நீரில் அமிழ்ந்த துடுப்பு வளைந்து தோன்றுகிறதே, தொலைவில் உள்ள சதுரக் கோபுரம் வட்டமாய்த் தெரிகிறதே, இவ்வாறு ஓயாமல் ஏமாற்றும் புலன்களை எப்படி நம்புவது என்று பிளேட்டோவின் வழிவந்தோர் கேட்டனர். கண் பொய் சொல்லவில்லை, துடுப்பை வளைத்துக் காட்டியது நீர், தன்னிடம் வந்து சேர்ந்ததைக் கண் உள்ளபடியே உரைத்தது என்பது அவர் விடை. அவ்விடையோடு அவர் நின்றுவிடவில்லை. புலன்கள் பொய்யாயின், தந்தையின் குரலைத் தம் செவியால் கேட்ட கிறிஸ்துவும் ஏமாந்தாராக வேண்டும்; காய்ச்சலில் கிடந்த பேதுருவின் மாமியைத் தொட்ட அவருடைய கையும், தம் அடக்கத்துக்கென்று ஏற்றுக்கொண்ட பரிமள தைலத்தை முகர்ந்த அவருடைய நாசியும், இரவு விருந்தில் திராட்சை ரசத்தைச் சுவைத்த அவருடைய நாவும் பொய் சாட்சிகளாக வேண்டும் என்று வாதத்தை வேறொரு தளத்துக்கு உயர்த்துகிறார். கடவுளே கண்ணும் நாவும் உடையவராய் வந்தார் என்று நம்பும் ஒரு சமயம் புலன்களை இழித்துப் பேசத் தொடங்குமானால், தன் அஸ்திவாரத்தையே தோண்டுவதாகும் என்பதை இத்தனை தெளிவாகக் கண்டவர் அக்காலத்தில் வேறு எவரும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இருநூறு ஆண்டுகளுக்குள் காற்று திசை மாறிற்று. அகுஸ்தினார் தம் வாழ்வை இறைவன் திருமுன் அறிக்கையிடும் நூலின் 10-ஆம் பகுதியில் ஒவ்வொரு புலனாக எடுத்துத் தம்மைத் தாமே விசாரிக்கிறார். சமயம் தழுவிய நாட்களில் ஆலயத்துப் பாடல்களைக் கேட்டுக் கண்ணீர் பெருக்கியவர் அவர். ஆயினும், பாடலின் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை அதிகமாய் உருக்கிய நேரங்களை எண்ணி, அது பாவம் என்றே கொள்கிறார். திருப்பாடல்களை ஏறத்தாழ வாசிப்பதுபோலவே ஓதச் செய்த அலெக்ஸாந்திரியாவின் அத்தநாசியார் முறையே பத்திரமானது என்று ஒரு கணம் கருதுகிறார். பிறகு, பலவீனமான உள்ளங்கள் செவி வழியே பக்திக்கு எழக்கூடும் என்பதால் பாட்டு இருக்கட்டும் என்று விட்டுக்கொடுக்கிறார். இந்த ஊசலாட்டத்தில் ஒரு பெரிய ஆத்மாவின் நேர்மை தெரிகிறது. ஆனால் திரித்துவத்தைப் பற்றிய அவருடைய மற்றொரு பெருநூலில், ஏதேன் தோட்டக் கதையை உள்ளத்துக்குள் நிகழும் நாடகமாக விரிக்கும் இடத்தில், ஆதாமை உயர்ந்த அறிவாகவும், ஏவாளை உலகியல் அறிவாகவும், விலங்குகளோடு நமக்குப் பொதுவாய் உள்ள புலன் இயக்கத்தைப் பாம்பாகவும் வைத்துவிட்டார். 12-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துப் பீட்டர் லொம்பார்து தம் பாடநூலில் இதே விளக்கத்தை எடுத்தாண்டு, அந்தப் பாம்புக்கு 'ஸென்ஸுவாலிதாஸ்' என்று பெயர் சூட்டினார். பல தலைமுறை மாணவர் அந்நூலை வைத்தே இறையியல் பயின்றனர். ஆகவே பள்ளியில் அச்சொல்லை முதன்முதலாகக் கேட்ட இளைஞனுக்கு அது பாம்பின் பெயராகவே அறிமுகமாயிற்று. அதன்மேல் விழுந்த பழிக்கு முதற்காரணம் இதுவே.

அந்தப் பள்ளிகளிலேயே பயின்று வந்த தாமஸ் அக்குவினாஸ், பழியை முற்றும் நீக்காவிட்டாலும், வழக்கைச் செம்மையாக விசாரித்தார். அவருடைய 'ஸும்மா' என்ற பெருநூலின் முதற்பாகத்தில் 81-ஆம் வினா முழுவதும் இச்சொல்லைப் பற்றியதே. காண்பது வேறு, கண்டதை நாடி எழுவது வேறு என்று அவர் முதலில் பிரிக்கிறார். பழுத்த கனியைக் கண் காணும்போது கனியின் வடிவம் உள்ளே வந்து தங்குகிறது, அது அறிவு. அதைத் தொடர்ந்து நாவூறி உள்ளம் அக்கனியை நோக்கிப் புறப்படுகிறதே, அந்தப் புறப்பாட்டுக்கே 'ஸென்ஸுவாலிதாஸ்' என்று பெயர். ஓநாயைக் கண்டு ஆட்டுக்குட்டி வெருண்டோடுவதும் அதே சக்தியின் செயல். எனவே, இச்சை மட்டும் அன்று, அச்சமும் சினமும் துணிவும் அதற்குள் அடங்கும். உடலோடு கூடிய உயிர் பிழைத்திருப்பதே அதனால்தான்.

இனி, அறிவு இச்சக்தியை எவ்வாறு ஆளுகிறது? அரிஸ்டாட்டில் அரசியலுக்கென்று வகுத்த ஒரு வேறுபாட்டை அக்குவினாஸ் இங்கே கொணர்கிறார். கையை உயர்த்து என்றால் கை மறுசொல் இன்றி உயர்கிறது. ஆன்மா உடலை ஆள்வது எஜமானன் அடிமையை ஆள்வது போன்றது. புலன் நாட்டத்தை அறிவு ஆள்வதோ அப்படியன்று. அரசன் சுதந்தரப் பிரஜைகளை ஆள்வது போன்றது அது. அவர்களுக்கும் தமக்கென்று ஒரு நிலை உண்டு, ஆணையை எதிர்த்து நிற்கும் ஆற்றலும் உண்டு. ஆகையால் அவர்களை வழிப்படுத்த வேண்டுமேயன்றி விலங்கிட்டு அடைப்பது ஆட்சியாகாது. புலனடக்கத்தைப் பற்றி உலகத்துச் சமயங்கள் சொல்லியுள்ள எண்ணற்ற உவமைகளுள், புலனை எதிரியாகவோ மிருகமாகவோ காட்டாமல் குடிமகனாகக் காட்டும் இந்த ஒன்றை நான் மிகவும் போற்றுகிறேன். அடக்குவதற்கும் ஆள்வதற்கும் உள்ள வேற்றுமையை உணராமல் தம் உடலையே பகைத்து, பகைமையின் மிகுதியால் நாள் முழுவதும் அதையே நினைத்து வாழ்ந்து ஓய்ந்த சாதகர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. அவர்களிடம் இந்த உவமையை எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்திருக்கலாகாதா என்று நினைக்கும்போது மனம் வருந்துகிறது.

'ஸும்மா'வின் மூன்றாம் பாகத்தில் அக்குவினாஸ் இன்னும் ஒரு படி செல்கிறார். கிறிஸ்துவிடம் 'ஸென்ஸுவாலிதாஸ்' இருந்ததா என்று கேட்டு, இருந்தது என்று விடை தருகிறார். மனித இயல்பை முழுமையாக ஏற்றவர் அதை மட்டும் எவ்வாறு விலக்கியிருக்க முடியும்? கெத்சமனே தோட்டத்தில், சிலுவையை எண்ணி, இந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கக் கூடாதா என்று அவர் வேண்டினாரே, அங்கே துன்பத்துக்கு அஞ்சிப் பின்வாங்கியது அதுவே. தந்தையின் சித்தத்துக்கு இணங்கியது அறிவின் வழி நின்ற சித்தம். லொம்பார்து பாம்புக்கு இட்ட பெயர், நூறாண்டு கழிந்து, இரட்சகருடைய வேதனைக்கே பெயராகி நிற்பதைக் காண்கிறோம். இன்றைய மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்தில் 'சிற்றின்ப வேட்கை' என்று எழுதினால் எத்தகைய விபரீதம் விளையும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வளவும் லத்தீன் அறிந்த பண்டிதருக்குள் நடந்த விசாரணை. அச்சொல்லை ஆங்கில மொழிக்குள், அதுவும் ஜனங்கள் பேசும் ஆங்கிலத்துக்குள், வேறெவரும் தராத மகிமையோடு அமர்த்தியவர் ஒரு பெண்மணி. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள நார்விச் நகரத்தில், புனித ஜூலியன் ஆலயச் சுவரோடு ஒட்டிய சிற்றறை ஒன்றில், வெளியேறுவதில்லை என்ற சங்கல்பத்தோடு வாழ்ந்த துறவி அவர். ஜூலியன் அம்மையார் என்றே உலகம் அவரை அறியும். ஆங்கிலத்தில் ஒரு பெண் எழுதியதாக நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் முதன்மையானது அவருடையது. அவர் சிறுமியாயிருந்த காலத்தில், 1349-இல், பெருங்கொள்ளைநோய் நார்விச்சில் புகுந்து வீடு வீடாகப் பிணங்களைக் குவித்தது. உடல் என்பது எத்தனை விரைவில் அழுகக்கூடியது என்பதை அவ்வூரார் எவருக்கும் போதிக்க வேண்டியிருக்கவில்லை. உடலைப் பற்றி அவர் பின்னாளில் சொன்ன பெருமொழிகள் சௌக்கிய வாழ்வின் மயக்கத்தில் பிறந்தவை அல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன்.

1373-ஆம் ஆண்டு மே மாதம், தம் முப்பதாம் வயதைக் கடந்து அரை ஆண்டு ஆகியிருந்தபோது, அவர் கடும் நோயுற்று மரணத் தறுவாயில் கிடந்தார். குருவானவர் ஒரு சிலுவையைக் கொணர்ந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். அறை முழுவதும் இருண்டு, சிலுவையின் மேல் மட்டும் ஒளி நிற்க, முள்முடியின் கீழிருந்து இரத்தம் வழிவதை அவர் கண்டார். அன்று தொடங்கிய 16 காட்சிகளைப் பிழைத்தெழுந்த பின் முதலில் சுருக்கமாக எழுதினார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அவற்றையே சிந்தித்து, பிறகு விரிவாக எழுதினார். அந்த விரிந்த நூலில் அவர் காணும் முறையைக் கவனிக்க வேண்டும். இரத்தத் துளிகளின் திரட்சியை, பெருமழைக்குப் பின் கூரை இறவாணத்திலிருந்து கணக்கற்று விழும் நீர்த்துளிகளுக்கு ஒப்பிடுகிறார். அவை நெற்றியில் பரவும்போது கொண்ட வட்டத்தை, ஹெர்ரிங் மீனின் செதிலுக்கு ஒப்பிடுகிறார். கடலுக்கு அணித்தான அந்நகரத்தின் சந்தையில் அன்றாடம் விற்ற மீன் அது. இறைவனுடைய காட்சியைச் சொல்லவந்த ஒரு துறவி, மீன் செதிலைச் சற்றும் கூசாமல் துணைக்கு அழைக்கிறார். தம் கண்ணை அவர் அத்தனை நம்பினார். உண்ட உணவு உடலுக்குள் சென்று பக்குவமாகிக் கழிவாய் வெளியேறும் தொழிலையும் அவர் விடவில்லை. அந்தத் தாழ்ந்த தேவையிலும் இறைவன் இறங்கிவந்து நமக்குப் பணி செய்கிறான், தான் படைத்த எதையும் அவன் அருவருப்பதில்லை என்கிறார்.

இத்தகையவர் தம் நூலின் 55-ஆம் அத்தியாயத்தை ஒட்டிய பகுதிகளில் மனிதனை இரண்டு சொற்களால் விளக்குகிறார். ஒன்று, இறைவனிடத்தில் என்றும் பிரியாது ஊன்றி நிற்கும் நம் உள்ளியல்பு. மற்றொன்று 'ஸென்ஷுவாலிட்டி', அதாவது உடலோடு கூடி, காலத்தில் பிறந்து, கண்டும் கேட்டும் வலியுற்றும் மகிழ்ந்தும் வாழும் இயல்பு. முன்னதை மட்டும் ஆன்மா என்று கொண்டு பின்னதைச் சிறையென்றோ அழுக்கென்றோ தள்ளுவது எளிது. பலர் அவ்வாறே செய்தனர். அம்மையார் இரண்டும் சேர்ந்ததே ஆன்மா என்கிறார். உயிர் உடலுக்குள் ஊதப்பட்டு நாம் புலனுடையவர் ஆகும் அக்கணத்திலேயே இறைவனுடைய இரக்கமும் அருளும் நம்மிடம் வேலை செய்யத் தொடங்குகின்றன என்கிறார். அப்பால், எவரும் சொல்லத் துணியாத ஒன்றைச் சொல்கிறார்: இயேசு வீற்றிருக்கும் மேன்மை பொருந்திய நகரம் நம்முடைய 'ஸென்ஷுவாலிட்டி'தான். உள்ளியல்பில் நாம் நிறைவுடையோம், புலனியல்பில் குறைவுடையோம் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் குறைவு என்பது வெறுப்பதற்குரியது அன்று. கடவுளின் இரண்டாம் ஆளே இரக்கத்தின் தாயாகி அந்தக் குறையை நிரப்பி, இரண்டையும் ஒன்றாக்குகிறார் என்பது அவர் கொள்கை. பாம்பென்று தூற்றப்பட்டதும், குடிமகனென்று மதிக்கப்பட்டதும் ஆகிய அதே சக்தி, இங்கே அரசன் தங்கும் ஊராகிவிட்டது. மேலைநாட்டு ஆன்மிக இலக்கியத்தில் நான் பயின்ற பகுதிகளில், சிந்தனையின் ஆழத்தால் இதற்கு மேல் வைக்கத்தக்கது எனக்குக் கிடைக்கவில்லை.

அவருடைய நூல் நெடுங்காலம் சில கையெழுத்துப் பிரதிகளிலேயே அடங்கிக் கிடந்து 1670-இல்தான் அச்சேறியது. அதற்குள் சொல் கைமாறிப் போயிற்று. 1611-இல் வெளிவந்த அரசாங்க ஆங்கில விவிலியத்தில், யாக்கோபு நிருபம் பரத்திலிருந்து வராத ஞானத்தைக் கண்டிக்கும் இடத்தில், 'ஸென்ஷுவல்' என்ற சொல் பேய்த்தனத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது புலன் என்ற சொல்லே அன்று. இறையாவியின் துணையின்றி வெறும் உயிரியல்பில் நிற்பது என்று பொருள்படும் சொல் அது. நம்முடைய பழைய தமிழ் விவிலியம் ஜென்ம சுபாவம் என்று கூறி மூலத்துக்கு அணுக்கமாய் நிற்கிறது. ஆங்கிலமோ ஆலயங்களில் அவ்வாக்கியத்தை ஓதி, குற்றமற்ற கண்ணையும் காதையும் பேயின் அண்டை வீட்டில் குடிவைத்தது. அந்நூற்றாண்டிலேயே மில்டன், புலன்களைச் சார்ந்ததைப் பழியின்றிச் சொல்ல விரும்பியபோது பழைய சொல் உதவாமற்போய், 'ஸென்ஷுவஸ்' என்று புதிதாக ஒன்றை ஆக்கிக்கொள்ள நேர்ந்தது. 1644-இல் கல்வியைப் பற்றி அவர் எழுதிய கடிதத்தில் கவிதையின் தன்மையைச் சொல்ல அதை ஆள்வதைக் காணலாம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோல்ரிட்ஜ் அதற்கு மீண்டும் உயிரூட்டினார். வாசனைத் தைலமும் பட்டுத் துணியும் விற்கும் விளம்பரங்களில் அப்புதுச் சொல்லும் இன்று பழையதன் கதியையே அடைந்து வருகிறது.

ஜூலியன் அம்மையாரைப் படிக்கும் தமிழனுக்குச் சைவ சித்தாந்தம் நினைவுக்கு வராமல் இராது. அவர் வாழ்ந்த அதே 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தில்லையை அடுத்து வாழ்ந்த உமாபதி சிவாசாரியார், ஆணவ இருளில் ஒன்றும் அறியாது கிடந்த உயிருக்கு இறைவன் கருணையால் தனு, கரணம், புவனம், போகம் என்பவற்றை மாயையினின்று கூட்டித் தருகிறான் என்ற கொள்கையை விளக்கி, பொழுது விடியும் வரையில் உதவும் விளக்குக்கு அந்த மாயையை ஒப்பிடுகிறார். உயிர் உடலோடு சேர்ந்தது தண்டனையால் அன்று, அருளால் என்ற அளவில் நார்விச்சும் தில்லையும் ஒரே குரலில் பேசுகின்றன. அங்கே கடல், இங்கே கடல்; நடுவில் ஒருவரையொருவர் கேட்டறிய வழியே இல்லை.

வேற்றுமையும் உண்டு, அதை மூடிமறைப்பது இரண்டு சமயங்களுக்கும் செய்யும் அவமரியாதை. மாயை உதவுவதாயினும் சித்தாந்தத்தில் அதுவும் மலங்களுள் ஒன்றே. விடிந்தபின் விளக்குக்கு வேலை இல்லை. அன்றியும் சிவபெருமான் பிறப்பிலி. கருவில் உற்றுப் புலனியல்பைத் தனதாக்கிக்கொண்ட கடவுள் என்ற அம்மையாரின் ஆதாரத்துக்குச் சைவத்தில் இடமில்லை. மெய்கண்டார் தம் சிவஞான போதத்தின் 8-ஆம் சூத்திரத்தில் உயிரை, ஐம்புல வேடர் நடுவே தன்னை மறந்து வளர்ந்த அரசகுமாரனாகக் காட்டி, குருவாய் வந்து உண்மையை உணர்த்தும் தந்தையிடம் அவனைச் சேர்க்கிறார்; வேடர்களை விட்டு நீங்கினால்தான் அவன் அரண்மனைக்கு வர முடியும். அவர்கள் அவனைக் கொல்லவில்லை, ஊட்டி வளர்த்தார்கள் என்பதையும் அந்தக் கதை தன்னுள் வைத்திருக்கிறது என்பேன். உரையாசிரியர்கள் அழுத்தாத இடம் அது.

ஆனால் சிவஞான போதம் 8-ஆம் சூத்திரத்தோடு முடியவில்லை. 12-ஆவதும் இறுதியுமான சூத்திரத்தில், மலம் நீங்கி ஞானம் பெற்றவன் என்ன செய்வான் என்று மெய்கண்டார் கூறுகிறார்: அன்பரோடு கூடுவான், அடியாரின் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழுவான். வேடர்களை விட்டு அரண்மனை புகுந்தவனுக்குக் கண்ணும் கையும் இன்னும் தேவைப்படுகின்றன. அவன் தொழும் கோயிலிலோ, சந்தனம், மலர், தூபம், தீபம், நைவேத்தியம் என்ற ஐந்து உபசாரங்களும் ஐம்பூதங்களுக்கு ஈடாக ஒவ்வொன்றாய்ச் சமர்ப்பிக்கப்படுகின்றன. நாசியும் கண்ணும் நாவும் அறிந்து மகிழும் பொருள்களே அவை யாவும். பசுகரணங்கள் சிவகரணங்களாக மாறுகின்றன என்று சித்தாந்திகள் கூறுவது இந்நிலையைத்தான். குறையுடைய புலனியல்பு நிரப்பப்பட்டு உள்ளியல்போடு ஒன்றாகும் என்று அம்மையார் எழுதியதை, பிறவா யாக்கைப் பெரியோனை வழிபடும் ஒரு சமயம் தன் வழியில் நின்றுகொண்டே இவ்வாறு நெருங்குகிறது. அந்நெருக்கத்தைத் தமிழ் அறிந்தோர் உணர வேண்டுமானால், அவருடைய நூல் தமிழில் வரும்போது 'ஸென்ஷுவாலிட்டி'யைச் சிற்றின்பம் என்று பெயர்க்கலாகாது. புலனியல்பு என்றே பெயர்க்க வேண்டும்.